பத்துச் சுற்றும் அரை டின் எண்ணெயும்

செய்தி கிளம்பியது தோப்பும்படி மீன்துறையிலிருந்து. அங்கே ஐஸ் உடைக்கிறவர் சொன்னதை பஸ் கண்டக்டர் கேட்டு, கண்டக்டர் சொன்னதைக் காய்கறிக்கார ரோஜா கேட்டு, மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்வதற்குள் அதற்கு மீசையே முளைத்திருந்தது. எட்டுப் போடச் சொல்லித்தருகிற பேச்சிக்கு இரண்டு முழங்கால் சிரட்டையும் தேய்ந்தே போய்விட்டதாம். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் பழசைக் கழற்றி எறிந்துவிட்டு பிளாஸ்டிக்கில் இரண்டு வைத்திருக்கிறாராம். படுக்கும்போது கழற்றி வைத்துவிடலாமாம்.

“நான் என்ன பொய்யா சொல்றேன்? கொடியில காயப்போட்டிருந்தா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்,” என்றாள் ரோஜா. “கறுப்பு. உள்ளங்கை அகலம். எண்ணி ரெண்டு.”

கொடியில் காய்ந்தது உண்மை. ஆனால் அது முழங்கால் அல்ல, முழங்காலுக்கு வெளியே ஒட்டுகிற பிளாஸ்டிக் வில்லை. ரேஸ் டிராக்கில் வண்டியை வளைவில் சாய்க்கும்போது ஓட்டுகிறவரின் உடம்பு ஒரு பக்கமாகத் தொங்கும், முழங்கால் தாரில் உரசும். உரசினால் வில்லை தேயட்டும், சிரட்டை தேய வேண்டாம் என்று ஒரு ஏற்பாடு. புதுப் பிளாஸ்டிக் வாடை போகட்டும் என்று பேச்சி அதை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். அதில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஊரெல்லாம் தேய்ந்துபோச்சு தேய்ந்துபோச்சு என்று பேசிக்கொண்டிருக்க, அவளுக்கு இருந்த ஒரே வெட்கம் அது இன்னும் தேயவில்லையே என்பதுதான்.

பேச்சிக்கு முப்பத்தெட்டு வயது. நகரசபை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டையில் இரண்டும். மலையாளப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை மூச்சுவிடாமல் படித்துவிடுவாள். தமிழில் பஸ் போர்டு படிக்க வேண்டுமென்றால் பஸ் கொஞ்சம் நின்று தர வேண்டும். கணவன் ரமேஷ்பாபு கொசு ஒழிப்புப் பிரிவில் மருந்தடிக்கிறவன். தேங்கிய தண்ணீரைக் கண்டால் அவன் கை தன்னால் பம்பைத் தேடும். வீட்டிலும் சொந்தமாக ஒரு பழைய பம்பு வைத்திருந்தான். சிலர் வீட்டில் நாய் வளர்ப்பார்கள் அல்லவா, அதுபோல.

முகமது இஸ்மாயிலின் டிரைவிங் ஸ்கூலில் பதினாலு வருஷத்துக்கு முன்னால் பேச்சி சேர்ந்தது பாரம் நிரப்பிக் கொடுக்க. ஒருநாள் மாஸ்டர் வரவில்லை. மைதானத்தில் மூன்று பெண்கள் ஹெல்மெட்டுக்குள் வெந்துகொண்டு நின்றார்கள். “பேச்சி, நீ போய் சும்மா கூட நில்லு, அவங்க பேடிக்காம இருக்கட்டும்,” என்றார் இஸ்மாயில். பேச்சிக்குச் சும்மா நிற்கத் தெரியாது. கேரளத்தில் இரண்டு சக்கர வண்டிக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால், கம்பி நட்ட மைதானத்தில் எட்டு வடிவத்தில் கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பேரும் எட்டுப் போட்டார்கள். அன்றிலிருந்து ஸ்கூட்டர் கற்க வருகிற பெண்களெல்லாம் பேச்சியிடம். கியர் வண்டி மட்டும் இஸ்மாயிலிடம். பேச்சிக்கே கியர் பழக்கி லைசென்ஸ் வாங்கித் தந்தது அவர்தான்.

“ஹேண்டில நெரிக்காத மோளே, அது கோழி இல்ல.”

“கம்பிய ஏன் முறைக்கிற? அதுக்கும் உனக்கும் என்ன கேஸ்? போற இடத்தப் பாரு.”

“காலு கீழ வந்தா அவ்வளவுதான். லைசென்சுக்குப் பதிலா நானே உனக்கொரு ஆட்டோ பிடிச்சுத் தர்றேன், கேட்டியா?”

அறுபத்திரண்டு வயதில் ஓய்வுபெற்ற டீச்சர், இரண்டு கன்னியாஸ்திரிகள், பக்கத்துச் சுள்ளிக்கல்லில் பாதிப் பெண்கள், எல்லாரும் இந்த வசவை வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். வாங்கியதும் லட்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். பேச்சிக்கு லட்டு பிடிக்காது. அவளுக்குப் பிடித்தது வேறொன்று, அது கிடைக்காது. ஸ்கூல் காகிதத்தில் அவள் இன்னமும் அலுவலக உதவியாளர். இன்ஸ்ட்ரக்டர் என்று எழுத சர்டிபிகேட் வேண்டும், சர்டிபிகேட்டுக்குப் படிப்பு வேண்டும், பேச்சி பத்தாவதோடு நின்றவள். இந்த வருஷம் மைதானத்து ஆபீசர்கள் கறாரானார்கள். டெஸ்ட் நாளில் சர்டிபிகேட் உள்ளவர் மட்டும் உள்ளே. இஸ்மாயில் பிளாஸ்டிக் நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்து கொட்டாவி விட, பேச்சி மதிலுக்கு வெளியே இளநீர்க்காரன் பக்கத்தில் நின்று, உடைந்த கல் வழியாகத் தன்னிடம் படித்த பிள்ளைகளின் பின் டயரை மட்டும் பார்த்தாள்.

“அவளுக்குக் கழுத்து விறைக்குது. முன்னால பாக்கச் சொல்லு இக்கா!” என்று மதிலைப் பார்த்துக் கத்துவாள். மதில் எதுவும் சொல்லாது. இஸ்மாயிலும்.

ரேஸ் டிராக்குக்கு அவளைக் கூட்டிப்போனது ஜிஷா. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வேறு ஸ்கூலில் படித்து எட்டில் இரண்டு தடவை தோற்று, பேச்சியிடம் வசவு வாங்கித் தேறியவள். தேறிய கையோடு இஸ்மாயிலிடம் கியரும் பழகி, நானூறு சிசி வண்டி ஒன்றை வாங்கி, ஷோரூம் வாசலிலேயே சாய்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஆபீஸ் கூட்டம் கோயம்புத்தூர் பக்கத்து டிராக்கில் ஒருநாள் பயிற்சிக்குப் பதிவு செய்திருந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல்.

“சேச்சி வருன்னோ? காசு கட்டியாச்சு, சும்மா போகும்.”

சும்மா போகிறது என்று சொன்னால் பேச்சி நரகத்துக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொள்வாள்.

அங்கே அவளுக்கு வாடகைக்கு ஒரு சின்ன வண்டியும், யாரோ ஒரு தடித்த ஆணின் தோல் உடையும் கிடைத்தன. அந்த உடைக்குள் அவளும் போய், இன்னொருத்தியும் போகலாம். சொல்லித்தந்தவர் கல்யாணராமன். கோயம்புத்தூர்க்காரர், ஒல்லி, வெயிலில் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி ஒரு மனிதர். போர்டில் ஒரு வளைவை வரைந்தார். “பிரேக்க முன்னாலயே முடிச்சிருங்க. அப்புறம் எங்க போகோணுமோ அங்க பாருங்க. வண்டி உங்க கண்ணு பின்னால வருமுங்க. கைய இறுக்காதீங்க,” என்றார். ஆபீஸ் கூட்டம் நோட்டில் எழுதிக்கொண்டது. பேச்சிக்கோ சிரிப்பு தாங்கவில்லை. பத்து கிலோமீட்டர் வேகத்தில் பன்னிரண்டு வருஷமாக அவள் கத்திக்கொண்டிருந்ததை, இந்த ஆள் நூறு கிலோமீட்டர் வேகத்துக்குச் சொல்லி அதற்குக் கட்டணமும் வாங்குகிறார்.

சாயங்காலம் கல்யாணராமன் நேரம் அச்சடித்த காகிதத்தோடு வந்தார். “அம்மணி, உங்ககிட்ட வேகம் இல்லீங்க. ஆனா இட்லித் தட்டுல ஊத்துன மாதிரி எல்லாச் சுத்தும் ஒரே சைஸு. இது எனக்கே வராதுங்க.”

அந்தக் காகிதத்தைப் பேச்சி ரேஷன் கார்டுக்குள் வைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒரு வண்டி வேண்டும் என்றானது. தோப்பும்படியில் ஷிபுவின் வொர்க்‌ஷாப்பில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அங்கே வண்டியை ரிப்பேருக்கு விட்டவன், விட்டவனுக்குத் துணையாக வந்தவன், சாயா கொண்டுவந்தவன் என்று எல்லாரும் ஆளுக்கொரு வண்டியை அவள் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

“சேச்சி, எடுக்கிறதா இருந்தா நானூறு எடுக்கணும்,” என்றான் ஷிபு. “இருநூறு எல்லாம் பால்காரன் வண்டி.”

“பால்காரனுக்கு என்ன குறை? தெனமும் நேரத்துக்கு வர்றான். உன்கிட்ட விட்ட வண்டி என்னைக்காவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கா?”

“அய்யோ, பவர் வேண்டே?”

“பெரிய வண்டியில வளைவுல நான் தப்பு பண்ணினா, நேர் ரோட்டுல அது இழுத்துட்டுப் போய் ஈடு கட்டிரும். தப்பு பண்ணினதே எனக்குத் தெரியாது. சின்ன வண்டி அப்படி இல்ல. என் மாமியார் மாதிரி. ஒவ்வொண்ணையும் சொல்லிக் காட்டும்.”

பழைய இருநூறு சிசி வண்டி ஒன்று காக்கநாட்டில் கிடைத்தது. விழுந்து எழுந்ததற்கான தழும்புகள் இருந்தன, ஆனால் அடிச்சட்டம் நேராக இருந்தது. ஷிபு படுத்து, உட்கார்ந்து, நூல் பிடித்துப் பார்த்து, “மதி, போதும்,” என்றான். அவன் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

அடுத்த சண்டை என்ன மாற்றுவது என்பதில். ஷிபுவின் பட்டியல் சைலன்சரில் தொடங்கி சைலன்சரிலேயே முடியும். நடுவில் ஏர் ஃபில்டர். கல்யாணராமனோ போனில் வேறு மாதிரி சொல்லியிருந்தார். முதலில் நல்ல டயர். பிறகு பிரேக் பேட், பிரேக் ஆயில், இரும்புப் பின்னல் போட்ட பிரேக் ஹோஸ். பிறகு உங்கள் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங். கால் வைக்கிற இடம் பின்னால் தள்ளி, உயரமாக. இன்ஜின் பக்கம் ஒரு வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம். மிச்சக் காசில் பெட்ரோல் போட்டு ஓட்டுங்கள்.

“சத்தமே இல்லாத ரேஸ் வண்டியா?” ஷிபு துக்கத்தோடு ஸ்பேனரைக் கீழே வைத்தான். “கல்யாண வீட்டுல செண்டை இல்லாத மாதிரி.”

வீட்டில் வேறு வகைத் துக்கம். கனம் குறைக்கப் பின்பக்கக் கைப்பிடி, சேலை சிக்காமலிருக்கப் போடும் கம்பி வலை, பின்னால் உட்காருகிறவரின் ஃபுட்ரெஸ்ட் இரண்டும் கழற்றப்பட்டன. இந்தக் குடும்பத்தில் பின்னால் உட்காருகிறவர் ரமேஷ்பாபு. அவனுக்கு ஓட்டத் தெரியும், ஆனால் பேச்சி பின்னால் உட்கார்ந்தால் வழியெல்லாம் பாடம் எடுப்பாள் என்பதால் பதினோரு வருஷமாக அவனே பின்னால்.

“அப்போ நான் கால எங்க வைக்கிறது?”

“வீட்டுல வையுங்க.”

“ரெண்டு கிலோ குறைக்கணும்னு ஒரு புருஷனையே எறக்கிவிடுறியே. எறக்குறதுதான் எறக்குற, என்னை எறக்கினா எழுபத்தெட்டுக் கிலோன்னு ஒரு மரியாதைக்காவது சொல்லு.”

“சொல்லிருக்கேனே. ஷிபுகிட்ட.”

கல்யாணராமன் சொன்னதையெல்லாம் கேட்ட பேச்சி, அவரிடம் கேட்காமல் ஒன்றே ஒன்று செய்தாள். சாதாரண வண்டியில் முதல் கியருக்குக் காலால் கீழே மிதித்து, அடுத்தடுத்த கியருக்கு மேலே தூக்க வேண்டும். ரேஸ் ஓட்டுகிறவர்களில் பலர் இதைத் தலைகீழாக்கி வைத்துக்கொள்வார்கள். தூக்கினால் குறையும், மிதித்தால் கூடும். சாய்ந்திருக்கும்போது வண்டிக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே காலை நுழைக்காமல் கியரைக் கூட்டலாம். புதிதாக வாங்கிய ஃபுட்ரெஸ்டில் அந்த வசதி இருந்தது. “ரேஸ்காரெல்லாம் இப்படித்தான் சேச்சி,” என்றான் ஷிபு, சைலன்சர் பறிபோன ஆளுக்கு ஒரு ஆறுதலாக. பேச்சிக்கும் ஆசைதான். பதினாலு வருஷம் கியரே இல்லாத ஸ்கூட்டரோடு மாரடித்தவளுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு வித்தை காலில் இருந்தால் என்ன கெட்டுவிடும்? செப்டம்பரில் மாற்றினாள். இரண்டு மாதத்தில் காலுக்கு அது பழகி, பழையது மறந்தே போனது.

அக்டோபரில் கல்யாணராமன் கூப்பிட்டார். டிராக்கில் பெண்களுக்கென்று தனி வகுப்பு ஆரம்பிக்கிறார்கள். கேரளத்திலிருந்துதான் நிறையப் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு இன்ஸ்ட்ரக்டர் வேண்டும், மாதத்தில் இரண்டு ஞாயிறு. போட்டியில் இரண்டு பேர், பேச்சி ஒருத்தி. டிசம்பர் முதல் ஞாயிறு பத்துச் சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். வேகம் முக்கியமில்லை. வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் நடுவே இரண்டு வினாடிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

“சர்டிபிகேட் வேணுமா சார்?” என்று கேட்டாள் பேச்சி, குரலை இறக்கி.

“எதுக்குங்க? நாங்களே கார்டு அடிச்சுக் குடுத்துருவோம். பேரு, போட்டோ, கீழ இன்ஸ்ட்ரக்டர்னு.”

அன்று அவள் மீன் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். ரமேஷ்பாபு தட்டைக் காலி செய்தான். பிறகு ஒரு செம்பு தண்ணீர் குடித்தான்.

விருச்சிக மாதம், அதாவது கார்த்திகை, மட்டாஞ்சேரியில் வேலியேற்றக் காலம், கடல் பொங்கி ஏறுகிற காலம். காயல் தண்ணீருக்கு ஊரைச் சுற்றிப் பார்க்கத் தோன்றிவிடும். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் சந்துக்குள் வந்து, முற்றத்தில் ஏறி, பேச்சியின் வண்டியைப் பாதிச் சக்கரம்வரை நனைத்துவிட்டு, மத்தியானம் இறங்கிப் போனது. உப்புத் தண்ணீர். மேற்குக் கொச்சியில் இரும்பு வைத்திருக்கிற எல்லாருக்கும் அடுத்து செய்ய வேண்டியது தெரியும். கழுவு, காயவை, டீசலும் எண்ணெயும் கலந்து அடியெல்லாம் அடி. இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் துரு முளைக்கும், மறு வாரம் பூக்கும். கேட், சைக்கிள், தையல் மெஷின் கால் என்று எதையும் விட மாட்டார்கள்.

சனிக்கிழமை பேச்சி மைதானத்துக்குப் போயிருந்த நேரத்தில் ரமேஷ்பாபு லீவு போட்டு வண்டியைக் கழுவினான். காயவைத்தான். பிறகு தன் பழைய பம்பை எடுத்தான். அரை டின் எண்ணெய். இருபது வருஷம் சாக்கடைச் சந்தெல்லாம் ஒரு சொட்டுத் தப்பாமல் அடித்த கை. ஒரு நட்டு, ஒரு இடுக்கு, ஒரு ஸ்பிரிங் விடவில்லை. சக்கரத்தின் கம்பியிலும் அடித்தான். டயரின் பக்கவாட்டில் துணியால் தேய்த்துக் கறுகறுவென்று பளபளக்கவைத்தான். முன் பிரேக்குக்குள் முனையை நுழைத்து இரண்டு அடி கூடுதலாக அடித்தான், அங்கேதான் உப்பு ஒளிந்துகொள்ளும் என்று. மழை தூறியது. ஷிபுவின் பிக்கப் வந்ததும் இருவருமாக ஏற்றி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினார்கள்.

பேச்சி வந்தபோது தார்ப்பாய்தான் தெரிந்தது. “எல்லாம் பாத்துட்டேன்,” என்றான் ரமேஷ்பாபு. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மேலே ஒன்றும் சொல்லவில்லை.

ஆச்சரியமாகத்தான் இருந்தது. டிராக்கில் தார்ப்பாயை விலக்கியபோது வண்டி தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க நிற்கிற பிள்ளை மாதிரி நின்றது. சங்கிலியிலிருந்து சொட்டியது. வண்டிகளைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற நல்லசிவம் என்பவர் ஒரு விரலை டயரில் வைத்தார், முகர்ந்தார், ஷிபுவின் சட்டையிலேயே துடைத்தார்.

“இது வண்டியா, வடைச்சட்டியா?”

“உப்புத் தண்ணி கேறிச்சு சார்,” என்றான் ஷிபு. “நாங்க அங்க எப்பவும்...”

“அங்க நீங்க என்னமோ பண்ணிக்குங்க. இதுல ஒரு சொட்டு டிராக்குல விழுந்தா பின்னால வர்ற நாலு பேரு ஆஸ்பத்திரியில விழுவாங்க. எடுங்க ஓரமா.”

சோப்புப் பொடி, பெட்ரோல், பழைய பனியன். இரண்டு மணி நேரம் மூவரும் தேய்த்தார்கள், ஜிஷா உட்பட. டயர் ஓரளவு தேறியது. பிரேக் பேட் தேறவில்லை. அது எண்ணெயைக் குடித்து ஊறியிருந்தது. அவள் தேடித்தேடி வாங்கிய பேட், கொச்சியில் கிடைக்காமல் வரவழைத்தது. மாற்றுக்கு வேறு கொண்டுவரவில்லை. பிரேக்கை அழுத்தினால் வண்டி யோசித்துச் சொல்கிறேன் என்றது.

அந்த நேரம் பார்த்து ரமேஷ்பாபுவின் போன்.

“எப்படி? மின்னுதா?”

பேச்சி கையில் கறுப்பு நுரை வழிந்தது. ஜிஷா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

“மின்னுது,” என்றாள் பேச்சி. “எல்லாரும் நின்னு பாக்கிறாங்க.”

கல்யாணராமன் வந்தார். கதையைக் கேட்டார். சிரிக்காமலிருக்கத் தாடையைச் சொறிந்தார். “பள்ளிக்கூடத்து வண்டி ஒண்ணு நிக்குதுங்க. மாத்தம் ஒண்ணும் பண்ணாத சாதா வண்டி. டெஸ்டு வண்டிக்கு இல்லீங்க, ஆளுக்குத்தான். அதுல போறீங்களா?”

போனாள். சாதா வண்டி, சாதா கியர். முதல் மூன்று சுற்றும் ஹெல்மெட்டுக்குள் ஜெபம் மாதிரி, “தூக்கு, தூக்கு, மிதிக்காத, தூக்கு,” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள். மூன்றும் ஒரே அச்சு. நான்காவது சுற்றில் வண்டி கைக்கு வந்துவிட்டது. டயர் தாரைப் பிடிக்கிற பிடி இடுப்பு வழியாக வந்து சேர்ந்தது. பின்வளைவில் வெயில் நேராக முகத்தில் விழுந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தில் ஜெபத்தை விட்டாள்.

வளைவு முடிந்து நிமிரும்போது அடுத்த கியருக்குக் கால் தன்னால் மிதித்தது. இரண்டு மாதம் பழகிய கால். கியர் கூடவில்லை, குறைந்தது. இன்ஜின் கழுத்தறுத்த மாதிரி அலறியது, பின்சக்கரம் துள்ளியது, வண்டி கோட்டைவிட்டு வெளியே போய்ப் புல்லில் இறங்கியது. பேச்சி என்ன செய்தாள் என்றால், ஹேண்டிலை நெரிக்கவில்லை. புல்லிலேயே நேராக ஓடவிட்டு, வேகத்தை இறக்கி, பின்னால் பார்த்து, கையைக் காட்டி, மறுபடி தாருக்கு ஏறினாள். மிச்சம் ஆறு சுற்றும் ஓட்டி முடித்தாள்.

கல்யாணராமன் காகிதத்தோடு வந்தார்.

“ஒம்பது இட்லி. ஒண்ணு ஊத்தாப்பம்.”

யாரும் சிரிக்கவில்லை. நான்காவது சுற்று ஏழு வினாடி கூடுதல். கடைசி ஆறும் அரை வினாடிக்குள்.

“உங்க வண்டியில கியர் தலைகீழுங்களா?”

ஷிபு வானத்தில் ஏதோ பருந்தைக் கண்டுபிடித்தான். “ஆமா சார்,” என்றாள் பேச்சி. “நான்தான் மாத்தச் சொன்னேன்.”

“என்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பனுங்க. ரேஸ் ஓட்டுறவனுக்கு அது சரி, அவனுக்கு ஒரே வண்டி. சொல்லிக்குடுக்குறவங்க காலையில பத்துப் பேரு வண்டியில ஏறி எறங்கோணும். எந்த வண்டியில ஏறினாலும் காலு குழம்பக் கூடாது.” காகிதத்தை மடித்தார். “இன்னொரு பொண்ணு, பெங்களூரு, பத்தும் ரெண்டு வினாடிக்குள்ள முடிச்சிருச்சு. ஆனா அதுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. டிராக் முதலாளிகிட்டப் பேசோணும். நாளைக்குப் பத்து மணிக்குள்ள கூப்பிடறேன் அம்மணி.”

திரும்பி வரும் வழியில் பிக்கப் பாலக்காடு தாண்டியது. பிறகு ஷிபு, “சைலன்சர் மாத்தியிருந்தா இந்தப் பிரச்சனையே...” என்று ஆரம்பித்தான். ஜிஷா அவன் கையில் கிள்ளினாள்.

ரமேஷ்பாபுவுக்கு விஷயத்தைச் சொன்னது ஷிபு. பேச்சி சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். ரமேஷ்பாபு முற்றத்தில் நின்று, சோப்பில் வெளுத்த வண்டியை ஒருதடவை சுற்றி வந்தான்.

“பிரேக்குலயா அடிச்சேன்?”

“ஊற ஊற,” என்றாள் பேச்சி.

“கொசுவே வந்திருக்காதே,” என்றான். அவனுக்கே கேட்கச் சகிக்காமல் உள்ளே போய்விட்டான். அந்தப் பம்பை மறுநாள் காலை ரோஜாவின் கடை ஓரத்தில் பழைய இரும்புக்காரன் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே பேச்சி தோப்பும்படிக்குப் போய் ஷிபுவை எழுப்பி, கியர் லிவரைப் பழையபடி மாற்றச் சொன்னாள். “போன் வரட்டுமே சேச்சி, எந்தினா திருதி, என்ன அவசரம்?” என்றான் அவன், பல் விளக்காத வாயோடு. “வந்தாலும் வராட்டாலும் மாத்தணும். ஸ்பேனர எடு,” என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தடவை கால் தப்பாக மிதித்தது. இரண்டு தடவையும் ரோட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்து மணி ஆனது. போன் மேஜைமேல் கிடந்தது. பத்தரைக்கு ஒரு வங்கி கடன் வேண்டுமா என்று கேட்டது, பேச்சி அந்தப் பெண்ணிடம் மலையாளத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது. பதினொன்று. ரமேஷ்பாபு மறுபடி லீவு. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தவன், திடீரென்று தன் போனை எடுத்து நம்பரை ஒற்றினான்.

“யாருக்கு?”

“அவருக்குத்தான். எண்ணெய் அடிச்சது நான், அவளுக்குத் தெரியாதுன்னு சொல்லிடறேன். ஒரு நிமிஷம்.”

“ஏ மனுஷா, வையுங்க! எண்ணெய் கதைய அவரே பாத்தாச்சு. புருஷன விட்டு சிபாரிசு பண்ணச் சொன்னான்னு ஆகும்.”

“சிபாரிசு இல்ல, சாட்சி.”

அழைப்பு போய்விட்டது. ஸ்பீக்கரில் முதலில் ஒரு பெண், முன்பின் தெரியாதவர்களுக்கு ரகசிய எண்ணைச் சொல்லாதீர்கள் என்று நிதானமாக எச்சரித்தாள். அவள் முடிக்கிறவரை இருவரும் மரியாதையாக நின்றார்கள். பிறகு மணி அடிக்கத் தொடங்கியது.

பேச்சி போனைப் பிடுங்கினாள். வைக்கவில்லை.

“எடுத்தா நான் பேசுறேன். எண்ணெயப் பத்தி நீங்க மூச்சு விடக் கூடாது. கியர் பழையபடி மாத்தியாச்சுன்னு சொல்லணும். அது என் தப்பு, நான்தான் சொல்லணும்.”

“எடுக்கட்டும் முதல்ல.”

மூன்றாவது மணி. சந்தில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சி வாய்க்குள் ஒத்திகை பார்த்தாள்: சார், நான் மட்டாஞ்சேரி பேச்சி பேசுறேன். சார், வண்டி இப்ப சாதா கியர்ல இருக்கு. இன்னொரு பத்துச் சுற்று...

ஐந்தாவது மணி. ரமேஷ்பாபு அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான், போனுக்குள் கல்யாணராமன் நடந்து வருவது தெரியும் என்பதுபோல.

ஆறாவது மணி அடித்தது.